பேராசிரியர் ஆனால் நிர்வாகமும் வந்துவிடுமா?

இலங்கையில் பல்கலைக்கழகத்துக்குப் புதிதாக வரும் விரிவுரையாளர், எப்படிப் படிப்பிப்பது என்று ஒரு பயிற்சியை முடித்தால்தான் பதவியில் நிரந்தரமாக்கப்படுவார். நல்ல ஏற்பாடு. அதே ஆள் வருடங்கள் கழித்துத் துறைத் தலைவராகிறார், பிறகு பீடாதிபதியாகிறார். வரவு செலவு, ஆளணி, பரீட்சை, ஊழியர் பிணக்கு என்று எல்லாம் ஒரே நாளில் அவர் மேசைக்கு வந்துவிடும். அதற்கு என்ன பயிற்சி? பெரும்பாலும் அந்த மேசையில் இருக்கிற பைல் கட்டுத்தான் பயிற்சி. நிர்வாகக் கிளைக்கு வருகிற உதவிப் பதிவாளர்களின் கதையும் அநேகமாக இதுதான்.

நான் நிர்வாகக் கிளையொன்றில் வேலை செய்த காலத்தில் கண்ணால் கண்டது இது. திருகோணமலை அல்ல, வேறு ஊர்; நிறுவனத்தின் பெயர் வேண்டாம். சுகவீனத்தால் பரீட்சைக்கு வராத ஒரு மாணவி, வைத்தியச் சான்றிதழை உரிய நாளிலேயே கொடுத்துவிட்டாள். முகாமைத்துவ உதவியாளர் அன்றைக்கே பைலில் போட்டு மேலே அனுப்பினார். துறைத் தலைவர் லீவு. பதில் கடமை பார்த்தவர், "அவர் வந்து பார்க்கட்டும்" என்று வைத்துவிட்டார். பீடச் சபைக் கூட்டம் முடிந்துவிட்டது. பைல் அடுத்த மாதக் கூட்டத்துக்குப் போனது. அதுவரை அந்தப் பிள்ளை கவுன்டரில் வந்து வந்து நின்றாள். யாரும் விதியை மீறவில்லை. பதில் கடமைக்காரருக்குக் கையெழுத்துப் போட முழு அதிகாரமும் இருந்தது. இருந்தும் பயந்தார்.

என்னைக் கேட்டால் தலைமைத்துவப் பயிற்சி தொடங்க வேண்டிய இடம் இதுதான். எந்த முடிவு என் கையில் இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும், அதை எடுக்கத் துணிய வேண்டும், ஏன் எடுத்தேன் என்று பைலில் நாலு வரி எழுதி வைக்க வேண்டும். தலைமைத்துவம் பிறவிக் குணம் என்பார்கள். கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் கூட்டத்தை நேரத்துக்கு முடிப்பதும், முடியாது என்பதைக் காரணத்தோடு சொல்வதும், தனக்குக் கீழே இருப்பவரிடம் பொறுப்பை நம்பிக் கொடுப்பதும் பழகினால் வருகிற விஷயங்கள்தான்.

திருகோணமலைக்கு இது இன்னும் அவசியம். கோணேசபுரியில் இருக்கும் எங்கள் வளாகம் கிழக்குப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. தலைமையிடம் மட்டக்களப்பு மாவட்டத்து வந்தாறுமூலையில், நூறு கிலோமீற்றருக்கும் மேல். தலைமையிடத்திலிருந்து இவ்வளவு தூரத்தில் இருக்கிற ஒரு வளாகத்தில், இங்கேயே முடிக்கக்கூடியதை இங்கேயே முடிக்கிற நிர்வாகிகள் வேண்டும். இங்கே தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகள் ஒன்றாகப் படிக்கிறார்கள். ஒரு பிரச்சினை வந்தால் மூன்று பக்கமும் நம்புகிற ஆளாக நிர்வாகி இருக்க வேண்டும். அதைச் சுற்றுநிருபம் படித்துப் பழக முடியாது.

ஆனால் பயிற்சி என்றதும் நமக்கு நினைவு வருவது என்ன? கொழும்பில் ஹோட்டல் மண்டபம், ஆங்கிலத்தில் ஸ்லைட், கடைசியில் சான்றிதழும் குரூப் போட்டோவும். கவுன்டரில் நிற்கிற முகாமைத்துவ உதவியாளருக்கு அந்த மண்டபத்தில் பெரும்பாலும் கதிரை இல்லை. பைலை முதலில் தொடுபவர் அவர்தானே! வளாகத்தில் தொடர்பாடல் வணிகக் கற்கைகள் பீடம் இருக்கிறது, முகாமைத்துவம் படிப்பிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஓய்வுபெற்ற நல்ல பதிவாளர்களையும் கூப்பிடலாம். பழைய பைல்களில் பெயர்களை மறைத்துவிட்டு, "நீங்கள் என்றால் என்ன எழுதியிருப்பீர்கள்?" என்று தமிழிலும் சிங்களத்திலும் கேட்டாலே பாதிப் பயிற்சி முடிந்தது.

அப்புறம், பீடாதிபதியின் பதவிக்காலம் மூன்று வருடம். முதல் வருடம் பழகுவதிலேயே போய்விடுகிறது, கடைசி மாதங்கள் அடுத்த தேர்தல் பேச்சில். புதிதாகத் தெரிவானவர் பொறுப்பேற்பதற்கு முன் ஒரு மாதமாவது பழையவரோடு உட்கார வேண்டும். முடியாமல் கிடக்கும் வேலைகள், யாருக்கு என்ன வாக்குறுதி கொடுத்தது, எந்தப் பைல் எங்கே நிற்கிறது என்று எழுத்தில் வாங்க வேண்டும். இதற்குக் கொழும்பிலிருந்து பணம் வரத் தேவையில்லை. அடுத்த பீடச் சபையில் ஒரு தீர்மானம் போதும்.