காரைதீவிலிருந்து கல்லடிக்கு, அதிகாலை மூன்றரைக்கு

இலங்கையின் கிழக்குக் கரையில், எங்கள் பக்கத்தில் மரதன் தெரியாத ஆள் இல்லை. பாடசாலையில் இல்ல விளையாட்டுப் போட்டி வந்தால் பிள்ளைகள் ஊரைச் சுற்றி ஓடுவார்கள். சித்திரைப் புத்தாண்டுக்குக் கழகங்கள் சைக்கிள் ஓட்டத்தோடு சேர்த்து ஒரு மரதனும் வைக்கும். எல்லாம் ஐந்து, பத்து கிலோமீற்றர்தான். 42.195 கிலோமீற்றர் முழு மரதன் ஒன்று எங்கள் கரையோர வீதியில் நடக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. பாதையும் மனதில் எப்போதோ முடிவாகிவிட்டது: காரைதீவில் தொடக்கம், கல்லடியில் முடிவு.

தமிழறிஞர் சுவாமி விபுலாநந்தர் 1892இல் பிறந்தது காரைதீவில். அவருடைய சமாதி இருப்பது கல்லடி உப்போடையில். வீதி வழியே பார்த்தால் இரண்டுக்கும் இடையே கிட்டத்தட்ட ஒரு முழு மரதன் தூரம். கூடினாலும் குறைந்தாலும் உள்வீதிகளில் சரிக்கட்டிக்கொள்ளலாம். ஆனால் மோட்டார் சைக்கிள் மீற்றரைப் பார்த்து அளக்கக் கூடாது. முறையாக அளப்பவர்கள் சைக்கிள் சில்லில் சுற்றுகளை எண்ணும் கருவி பூட்டி, வளைவுகளில் ஓரத்திலிருந்து 30 சென்ரிமீற்றர் விட்டு ஓட்டிப் பார்ப்பார்கள். குறைந்துவிடக் கூடாது என்று கிலோமீற்றருக்கு ஒரு மீற்றர் கூட்டியும் வைப்பார்கள்.

இந்தப் பாதையில் உலக சாதனை வைக்க முடியாது, உண்மைதான். தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையிலான நேர்கோட்டுத் தூரம் ஓடும் தூரத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது விதி. 2011இல் கென்ய ஓட்டக்காரர் ஜெஃப்ரி முட்டாய் பொஸ்டன் மரதனை 2 மணி 3 நிமிடம் 2 செக்கனில் ஓடி முடித்தார். அதுவரை யாரும் அவ்வளவு வேகமாக ஓடியதில்லை. ஆனாலும் பாதையின் அமைப்பால் அது உலக சாதனையாக ஏற்கப்படவில்லை. அதற்காக பொஸ்டன் தன் பாதையை மாற்றவில்லை. நாங்களும் காரைதீவை விட்டுக்கொடுக்கத் தேவையில்லை.

நண்பர்களோடு பயிற்சிக்காக இந்த வீதியைத் துண்டு துண்டாக ஓடியிருக்கிறேன். மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் மணல் திட்டு இது, மேடு பள்ளம் என்று எதுவும் இல்லை. பாலம் ஏறினால்தான் ஏற்றம். சமதரை என்றதும் பலர் சுலபம் என்று நினைக்கிறார்கள். ஏற்ற இறக்கம் உள்ள பாதையில் ஒரு தசை வேலை செய்யும்போது இன்னொன்று கொஞ்சம் ஓய்வெடுக்கும். இங்கே முதல் அடியிலிருந்து கடைசி அடி வரை அதே தசைக்கு அதே வேலை. தார் வீதியும் நடுவில் உயர்ந்து ஓரத்துக்குச் சரிகிறது. ஒரே ஓரமாக நெடுந்தூரம் ஓடினால் ஒரு பக்க இடுப்பு பிடித்துக்கொள்ளும். வீதியை மூடித் தந்தால் நடுவால் ஓடலாம், அந்த வேதனை பாதியாகக் குறையும்.

"கடற்கரை மரதன் என்றால் மணலில் ஓட வேண்டியதுதானே?" என்று கேட்கிறார்கள். வேண்டாம். எங்கள் கரையில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவு, அதனால் கால் புதையாத ஈர மணல் ஒடுங்கிய பட்டியாகத்தான் கிடைக்கும், அதுவும் கடல் பக்கம் சரிந்திருக்கும். தோணிகள் கிடக்கும், கரைவலைக் கயிறு குறுக்கே போகும். அந்த நேரம் அந்தக் கரை வலை இழுப்பவர்களுடையது. நாங்கள் வீதியிலேயே ஓடுவோம்.

கல்முனை, பாண்டிருப்பு, மருதமுனை, பெரியநீலாவணை. ஒரு கோயிலடியில் தண்ணீர் வாங்கினால் அடுத்தது பள்ளிவாசலடியில் வாங்கலாம், அப்படி ஒன்றுவிட்டு ஒன்றாக ஊர்கள். அப்புறம் கல்லாறு. வாவி கடலைச் சந்திக்கும் இடங்களில் ஒன்று இங்கேதான். பாலத்தில் கால் வைத்ததும் காற்று பக்கவாட்டில் வந்து தள்ளும். அதுவரை உடம்போடு ஒட்டிக்கிடந்த பெனியன் சட்டென்று குளிரும். கீழே இடுப்பளவு தண்ணீரில் ஒருவர் வீச்சு வலையைத் தோளில் போட்டபடி அசையாமல் நிற்பார். பாலம் இறங்கி வீடுகளுக்குள் புகுந்தால் அந்தக் குளிர்ச்சி போய்விடும், திரும்பக் கிடைக்காது. களுவாஞ்சிகுடி, வெற்றிலைக் கொடிக்காலுக்குப் பேர்போன களுதாவளை, செட்டிபாளையம், குருக்கள்மடம் என்று போய், கிரான்குளத்திலிருந்து தாழங்குடா வரைதான் கால் கேள்வி கேட்கும் பகுதி. வடக்கே ஓடுவதால் வலது பக்கத்தால் வெயில் ஏறும். காத்தான்குடியில் வீதி நடுவே நிற்கும் பேரீச்ச மரங்களைக் கண்டால் கல்லடி கிட்ட வந்துவிட்டது என்று அர்த்தம்.

இவ்வளவும் சொன்னதே நேரத்தைப் பற்றிப் பேசத்தான். அதிகாலை மூன்றரைக்கு விசில் அடிக்க வேண்டும். நான்கரைக்குத் தொடங்கினால் கல்லாற்றுப் பாலத்தில் விடியலைக் காணலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். அந்த அழகு எனக்கும் வேண்டும்தான், ஆனாலும் விட்டுக்கொடுப்பேன். ஐந்து மணித்தியாலம் எடுத்து ஓடுகிற சாதாரண ஆள் ஒன்பதரை வெயிலில் கல்லடிக்கு வரக் கூடாது. கரையோரக் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை வழியும், ஆனால் காயாது. காய்ந்தால்தான் உடம்பு குளிரும். 2019இல் தோஹா உலக தடகளப் போட்டியில் பெண்கள் மரதனைக் கடலோர வீதியில் நள்ளிரவில் தொடங்கினார்கள். சூரியனே இல்லை. அப்படியும் வெப்பமும் ஈரமும் சேர்ந்ததில், ஓடத் தொடங்கிய 68 பேரில் 40 பேர்தான் முடித்தார்கள். அவர்கள் உலகின் தலைசிறந்த ஓட்டக்காரர்கள்.

மாதம் என்றால் மாசி. மாரி மழை ஓய்ந்திருக்கும், தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று எழும்பியிருக்காது. சித்திரை கூடவே கூடாது. புத்தாண்டை ஒட்டிய நாட்களில் நடுப்பகலில் சூரியன் எங்கள் தலைக்கு நேர் மேலே நிற்கிறது. அந்த நாட்களில்தான் எட்டு மணிக்கு என்று அறிவித்த மரதன், அதிதி வரவில்லை என்று ஒன்பது தாண்டித் தொடங்குகிறது. பிள்ளைகள் இலக்கத்தைக் குத்திக்கொண்டு வெயிலில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். ஓடும் முன்பே முகம் சிவந்துவிடும். 2024 மார்ச்சில் திருக்கோவிலில் பாடசாலை மரதன் ஓடிய 16 வயது மாணவன் உயிரிழந்தான். அந்த மரணத்துக்குப் பிறகும் அதிதிக்குப் போடும் ஒரு மாலைக்காகப் பிள்ளைகளை வெயிலில் காக்க வைப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை.

தண்ணீர் பற்றியும் ஒன்று. வழியெல்லாம் வெறும் தண்ணீரை அள்ளிக் குடித்தால் இரத்தத்தில் உப்பு ஐதாகிவிடும், அதுவும் உயிராபத்துதான். இளநீர் நல்லது, ஆனால் அதில் பொட்டாசியம்தான் அதிகம், வியர்வையில் போகும் சோடியம் குறைவு. தேசிக்காய்த் தண்ணீரில் உப்புப் போட்டுக் கொடுங்கள், அல்லது மருந்துக்கடையில் கிடைக்கும் ஜீவனி உப்புக் கரைசல் தூளைக் கரைத்து வையுங்கள். தலையில் ஊற்ற ஒரு வாளி தனியாக இருக்கட்டும். மயங்கி விழுந்த பிள்ளையின் உடம்பு கொதித்தால் நிழலில் கிடத்தி உடனே தண்ணீரால் நனைக்க வேண்டும், ஐஸ் இருந்தால் இன்னும் நல்லது. வாகனம் வரட்டும் என்று சும்மா பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது.

முழு மரதனுக்கு வீதி மூட வேண்டும், அனுமதி வேண்டும், பணம் வேண்டும். அதற்குக் காலம் எடுக்கும். நேரத்தை மாற்ற எதுவும் தேவையில்லை. வருகிற சித்திரைக்கு நோட்டீஸ் அடிக்கப்போகும் கழகங்களிடம் கேட்கிறேன்: மரதனை விடியற்காலை ஐந்தரைக்குப் போடுங்கள். கொடியேற்றம், பேச்சு, அதிதி, மாலை எல்லாவற்றையும் பின்னேரப் பரிசளிப்புக்குத் தள்ளிவிடுங்கள்.