புற்றுநோய் ஆய்வும் காலநிலையும்: ஒரு திருத்தம்

புற்றுநோய்ப் பாதிப்பிலும் சிகிச்சை கிடைப்பதிலும் மக்களிடையே உள்ள ஏற்றத்தாழ்வுகளை ஆராய்ந்துவந்த ஒருவர் காலநிலை மாற்றத்தையும் ஆராயத் தொடங்கியது தம் துறையைக் கைவிட்டதற்குச் சமம் என்று நண்பர் எழுதியிருப்பது சரியன்று. வெளிக்காற்று மாசை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2013இலேயே புற்றுநோய்க் காரணியாக வகைப்படுத்தியது. அந்த மாசின் கணிசமான பகுதி, புவியைச் சூடாக்கும் அதே எரிபொருட்களிலிருந்தே வருகிறது. இதைவிடவும் என்னைக் கவலைகொள்ளச் செய்வது, காலநிலை மாற்றம் கடுமையாக்கும் புயல் வெள்ளங்களால் சிகிச்சை தடைப்படுவதுதான். கதிர்வீச்சுச் சிகிச்சைக் காலத்தில் சூறாவளிப் பேரிடருக்குள் அகப்பட்ட அமெரிக்க நுரையீரல் புற்றுநோயாளர்களின் இறப்பு அபாயம், அவ்வாறு அகப்படாதவர்களைவிட ஏறத்தாழ 19 சதவீதம் அதிகமாக இருந்ததை 2019இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. 2016 மே மாதம் இலங்கையில் களனி கங்கை பெருகிக் கொழும்புக்கு அருகிலுள்ள கொலன்னாவை மூழ்கியபோது, அங்கிருந்து மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்குத் தினமும் போகவேண்டிய நோயாளி ஒருவரின் நிலையைத் தயவுசெய்து எண்ணிப் பாருங்கள். வாகனத்துக்குப் பணமில்லாமல் சிகிச்சையைத் தவறவிடுபவர் யார் என்பது ஏற்றத்தாழ்வு பற்றிய கேள்வியே.