எம்.பி.ஹெச். டாக்டர்களுக்கு மட்டும்தானா?

எம்.பி.ஹெச். என்ற பொது சுகாதார முதுநிலைப் படிப்பு பற்றி வந்த ஒரு கட்டுரையில், எம்.பி.பி.எஸ். முடித்தவர்களுக்குத்தான் அது பயன்படும், மற்றவர்களுக்குக் காசுக்குக் கேடு என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். என்னால் ஏற்க முடியவில்லை. பி.எஸ்சி. நர்சிங் முடித்துவிட்டு இந்தப் படிப்புக்குப் போனவள் நான்.

ஒரு கிராமத்தில் வயிற்றுப்போக்கு பரவியபோது எங்களைக் களத்துக்கு அனுப்பினார்கள். யாருக்கு, எந்தத் தேதியில் வந்தது, எந்தக் குழாயில் தண்ணீர் பிடிக்கிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதி, வரைபடத்தில் புள்ளி வைத்தோம். ஒரே தெருவில் புள்ளிகள் குவிந்தன. அந்தத் தெருக்குழாய்த் தண்ணீரை, குளோரின் அளவு பார்க்கும் குளோரோஸ்கோப் கருவியில் எடுத்துச் சோதனைத் திரவத்தைச் சொட்டு விட்டோம். குளோரின் இருந்தால் வர வேண்டிய மஞ்சள் நிறம் துளிகூட வரவில்லை. குழாய்முனையில் 0.2 பி.பி.எம். (லிட்டருக்கு 0.2 மில்லிகிராம்) குளோரினாவது இருந்திருக்க வேண்டும். அப்புறம் தோண்டிப் பார்த்தால், சாக்கடையைக் கடக்கும் இடத்தில் குழாய் விரிசல் விட்டிருந்தது. எங்கள் குழுவில் டாக்டர் ஒருவர்தான். மற்றவர்கள் பல் மருத்துவம், பிசியோதெரபி, நர்சிங் படித்தவர்கள்.

வேலை பற்றிக் கட்டுரை சொல்வது ஓரளவு சரி. தமிழ்நாட்டில் பொது சுகாதாரத்துக்கென்று தனி இயக்குநரகம் இருக்கிறது, 1939-லேயே தனிச் சட்டமும் வந்துவிட்டது. ஆனாலும் மருத்துவர் அல்லாதவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒப்பந்த வேலைதான். அரசு மனது வைத்து இதை மாற்ற வேண்டும்.

சேர நினைக்கும் தம்பி தங்கைகளே, திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா மருத்துவ நிறுவனத்தில் 1997-லிருந்தே இந்தப் படிப்பு நடக்கிறது. எங்கே சேர்ந்தாலும் சரி, களப்பணி எத்தனை மாதம் என்று அங்கே படிப்பவர்களிடமே விசாரியுங்கள். இரண்டு வருடமும் வகுப்பறையிலேயே கழியும் என்றால், அந்த இடம் வேண்டாம்.