ஸ்பெயார் டயர் எங்கே ஐயா?

இவ்வளவு காசு கொட்டி ஜப்பான் ஹைபிரிட் கார் வாங்குகிறோம். டிக்கியின் அடித்தட்டைத் தூக்கினால் பல கார்களில் ஸ்பெயார் டயரே கிடையாது. ஒரு போத்தல் பசையும் 12 வோல்ட்டில் ஓடும் குட்டிக் காற்றுப் பம்பும்தான். விளக்கமெல்லாம் ஜப்பான் மொழியில்! பாரம் குறைந்தால் பெற்றோல் மிச்சமாம். சரி, வெள்ளவத்தையில், காலி வீதியின் மாலை நெரிசலில் டயர் காற்றுப் போய் உட்காரும்போது அந்த மிச்சத்தை வைத்து என்ன செய்வது?

அந்தப் பசை சின்ன ஆணித் துளையைத்தான் அடைக்கும். டயரின் பக்கச்சுவர் கிழிந்தால் ஒன்றுக்கும் உதவாது. இங்குள்ள குழிகளும் நடைபாதை விளிம்பும் கிழிப்பதோ அந்தப் பக்கத்தைத்தான். போதாததற்குப் போத்தலுக்குக் காலாவதித் திகதி வேறு.

பின்னால் பஸ்காரர் ஹோர்னிலிருந்து கையை எடுப்பதில்லை. உதவிக்கு வந்த ஓட்டோ அண்ணன், "தம்பி, ஸ்பெயாரை எடுங்கோ, மாத்துவம்" என்கிறார். எதை எடுக்க?

அப்புறம் காரை ஏற்றிப்போக ஆள் பிடிக்க வேண்டும். அந்தக் கூலியோ ஒட்டுப் போடும் காசைப் போலப் பல மடங்கு. பசை ஊற்றி ஓட்டிக்கொண்டு போனாலும் டயர் கடைக்காரர் முகம் சுளிக்கிறார். உள்ளே அப்பியதை வழித்துத் துடைத்த பிறகுதானே அவர் ஒட்டலாம்.