சுத்தம் செய்து நறுக்கிய பிரண்டை, ஒரு கப்

மூன்று ஞாயிற்றுக்கிழமைகளுக்கு முன்பு, மதியச் சாப்பாட்டு நேரத்தில் என் மகள் தொண்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எட்டு வயதுப் பிள்ளை. "அப்பா, உள்ளே முள் குத்துகிறது" என்றாள். அன்று வீட்டில் மீன் இல்லை. தட்டில் இருந்தது சோறும், நல்லெண்ணெயும், நான் அரைத்து வைத்த பிரண்டைத் துவையலும்தான்.

அந்த அழுகை இன்னும் காதில் இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் சங்கரன்கோவில் பக்கத்துக்காரன். சின்ன வயதில் வேலி முள்ளின் மேல் பிரண்டை படர்ந்து கிடப்பதைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்கூடம் போனவன். துவையலாக எத்தனையோ தடவை சாப்பிட்டிருக்கிறேன். ஆனால் அதை யாரும் ஆயும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில்லை. சமைத்த பிரண்டையை மட்டும் அறிந்திருந்தேன். பச்சைப் பிரண்டை எனக்கு அந்நியம். இப்போது தாம்பரத்தில் இருக்கிறோம். மனைவிக்கு ஞாயிற்றுக்கிழமையும் பணி உண்டு என்பதால் அன்று சமையல் என் பொறுப்பு. கீரைக் கடையில் ஒரு கட்டுப் பிரண்டையைப் பார்த்ததும் ஊர் ஞாபகம் வந்து வாங்கிவிட்டேன். இருபது ரூபாய்.

வீட்டுக்கு வந்து கைபேசியில் செய்முறை தேடினேன். முதல் வரி இப்படி இருந்தது: "சுத்தம் செய்து நறுக்கிய பிரண்டை, ஒரு கப்." அதற்குக் கீழே எல்லாவற்றுக்கும் அளவு இருந்தது. உளுந்து இரண்டு தேக்கரண்டி, காய்ந்த மிளகாய் ஐந்து, புளி நெல்லிக்காய் அளவு. பிரண்டை எலும்புக்கு எவ்வளவு நல்லது என்று இரண்டு பத்தி. வடமொழியில் அதற்கு எலும்போடு சேர்ந்த பெயர், இந்தியில் 'ஹட்ஜோட்', அதாவது எலும்பை ஒட்டுவது. இதெல்லாம் இருந்தது. எப்படிச் சுத்தம் செய்வது என்று ஓர் எழுத்து இல்லை.

சுத்தம் என்றால் கழுவுவது என்று நினைத்தேன். கழுவினேன். முற்றியது, இளசு என்று பிரிக்காமல், கணுவோடு சேர்த்து வெறும் கையால் நறுக்கினேன். கத்தியில் பசை போல ஒட்டியது. பத்து நிமிடத்துக்குள் விரல் இடுக்குகளில் ஊறல் எடுத்தது. சோப்புப் போட்டுக் கழுவினேன், அடங்கவில்லை. வியர்வையைத் துடைக்கக் கழுத்தில் கை வைத்தேன், கழுத்தும் அரிக்கத் தொடங்கியது. அப்போதாவது நிறுத்தியிருக்க வேண்டும். கைக்குத்தான் இப்படி, வதக்கினால் போய்விடும் என்று ஐந்து நிமிடம் வதக்கி அரைத்துவிட்டேன்.

மகளுக்கு வாய் கொப்பளிக்க வைத்து, தயிர்ச்சோறு கொடுத்து, ஒரு மணி நேரம் மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். மெல்ல அடங்கியது. (உதடோ தொண்டையோ வீங்கினாலோ, மூச்சு முட்டினாலோ வீட்டில் காத்திருக்கக் கூடாது, உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.) அவள் தூங்கிய பிறகு ஊருக்கு, அத்தைக்குப் போன் செய்தேன். அத்தை என்னைத் திட்டவில்லை. மூன்று கேள்வி கேட்டார்.

"மருமகனே, கையில் எண்ணெய் தடவிக்கொண்டாயா?"

"இல்லை அத்தை."

"கணுவைக் கிள்ளிப் போட்டு நார் உரித்தாயா?"

"இல்லை."

"எதுவரைக்கும் வதக்கினாய்?"

"ஐந்து நிமிடம் இருக்கும்."

"நேரத்தைக் கேட்கவில்லையப்பா. நிறத்தைக் கேட்கிறேன்."

அந்தக் கடைசிப் பதிலில் நான் உட்கார்ந்துவிட்டேன். எத்தனை நிமிடம் என்பது கணக்கே இல்லை. பச்சை முழுக்க மாறி, துண்டுகள் சுருங்கி, பழுப்பு ஏற வேண்டும். அதுவரை அடுப்பை விட்டு நகரக் கூடாது.

அறிவியல் இதைத் தெளிவாகவே சொல்கிறது. பிரண்டை திராட்சைக் குடும்பத்துக் கொடி. அதன் தண்டுக்குள் கால்சியம் ஆக்சலேட் என்ற பொருள் ஊசி ஊசியாகப் படிகமாக இருக்கிறது. தண்டை வெட்டும்போது அந்த ஊசிகள் தோலில் ஏறுகின்றன. அது தண்ணீரில் கரையாத பொருள், அதனால் எத்தனை தடவை கழுவினாலும் பயன் இல்லை. கையில் முன்கூட்டியே எண்ணெய் தடவுவது அந்த ஊசிக்கு ஒரு மறைப்பு. என் மகள் முள் குத்துகிறது என்று சொன்னது உவமை அல்ல. அவள் உள்ளதைத்தான் சொன்னாள்.

இதில் எனக்கு மனம் ஆறாத விஷயம் ஒன்று. நம் மொழியிலேயே இந்த எச்சரிக்கை இருக்கிறது. பிள்ளை தலைகுனிய வைத்துவிட்டால் தாய் சொல்லும் வசவு என்ன? "உன்னைப் பெற்ற வயிற்றில் பிரண்டையைத்தான் கட்டிக்கொள்ள வேண்டும்." ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். அதற்கு வேறு விளக்கம் சொல்கிறவர்களும் உண்டு. என் கழுத்து எரிந்த அன்று எனக்கு ஒரே பொருள்தான் தெரிந்தது. பச்சைப் பிரண்டையை வயிற்றுத் தோலில் படக் கட்டினால் என்ன ஆகும் என்பதை நேரடியாக அறிந்த பெண்கள் சொன்ன சொல் அது. சொல் என்னிடம் வந்து சேர்ந்துவிட்டது, அதற்குள் இருந்த கைப்பழக்கம் வரவில்லை.

ஆகவே சமையல் குறிப்பு எழுதுகிற எல்லோரிடமும், வீடியோ போடுகிற எல்லோரிடமும் கேட்கிறேன். 'சுத்தம் செய்து' என்ற இரண்டு சொல்லை எழுதிவிட்டுத் தாண்டிப் போகாதீர்கள். அந்த இரண்டு சொல்லுக்கு ஒவ்வொரு காயிலும் ஒவ்வொரு பொருள். வாழைப்பூவில் அது கள்ளன் என்கிற வேகாத நரம்பை எடுத்து, மோர் கலந்த நீரில் போட்டு வைப்பது. கருணைக்கிழங்கில் அது அரிசி கழுவிய நீரும் புளியும். சுரைக்காயில் அது ஒரு சின்னத் துண்டை நாக்கில் வைத்துப் பார்ப்பது. கசந்தால் அந்தக் காயையே எறிந்துவிட வேண்டும், ஏனென்றால் அந்தக் கசப்பு சமைத்தாலும் போகாத நஞ்சு. வாந்தியும் பேதியுமாக ஆளைப் படுக்கவைத்துவிடும். மரவள்ளியில் இன்னும் முக்கியம்: தோலை உரித்து, நிறைய நீரில் மூடாமல் வேகவைத்து, அந்த நீரை வடித்துக் கொட்டிவிட வேண்டும். அதில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது. உளுந்து இரண்டு தேக்கரண்டிக்குப் பதில் மூன்று ஆனால் ஒன்றும் கெட்டுப்போகாது. இவற்றில் தவறினால் கெட்டுப்போகும். அளவு சொல்ல இடம் இருக்கிறது, இதைச் சொல்ல இடம் இல்லையா?

"இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதானே" என்று ஒரு நண்பர் சொன்னார். தெரிந்தவர் எதற்குக் குறிப்பைத் தேடுகிறார்? தேடி வருகிறவர் என்னைப் போன்றவர். ஊரை விட்டு வந்தவர், பக்கத்தில் அத்தையோ ஆச்சியோ இல்லாதவர், முதல் தடவையாக ஒரு கட்டுப் பிரண்டை வாங்கி அடுப்பு மேடையில் வைத்துவிட்டு நிற்கிறவர். அவருக்காகத்தான் குறிப்பே.

பாரம்பரிய உணவு என்று பேசுகிறவர்களிடமும் எனக்கு இதே வருத்தம் உண்டு. பழைய காலத்துப் பொருள் என்றால் தீங்கே செய்யாது என்ற நம்பிக்கையை வளர்க்கிறார்கள். திவசச் சமையலில் பிரண்டைக்கு என்ன மதிப்பு என்று பாருங்கள். பாகற்காய் நூறு கறிக்குச் சமம், பிரண்டை முந்நூறுக்கு, பலா அறுநூறுக்கு, இன்னும் எட்டுக் கறி சேர்த்தால் விசுவாமித்திரர் வசிட்டரிடம் திவசத்துக்குக் கேட்ட 1008 கறி ஆயிற்று என்று ஒரு கதையே உண்டு. அப்பள மாவிலும் பிரண்டைச் சாறு சேர்ப்பார்கள். அந்த வீடுகளில் யாரும் பச்சைக் கொடியை வெறும் கையால் அரிந்து அரைத்துவிடவில்லை. எந்தப் பிரண்டையை எடுப்பது, எதை விடுவது என்பதும் சேர்ந்ததுதான் பாரம்பரியம். கொடியை மட்டும் சந்தைக்குக் கொண்டுவந்துவிட்டு அந்தக் கையை ஊரிலேயே விட்டுவிட்டோம்.

அடுத்த ஞாயிறு மறுபடி வாங்கினேன். இந்தத் தடவை அத்தை போனில் இருந்தார், நான் ஒலிபெருக்கியில் போட்டு அடுப்பு மேடையில் வைத்துக்கொண்டேன். முதலில் இரண்டு கையிலும் மணிக்கட்டு வரை நல்லெண்ணெய். நுனியிலிருந்து நான்கு ஐந்து கணு வரைதான் இளசு. ஒடித்தால் 'டக்' என்று ஒடிய வேண்டும், வளைந்தால் முற்றல், எடுத்து வைத்துவிடு என்றார். கணுவுக்குக் கணு ஒடிக்கும்போது நான்கு பட்டையின் ஓரத்திலும் நார் நூலாகக் கூடவே வந்தது. சேமியாவைப் போல ஒரு குவியல் சேர்ந்துவிட்டது. சிறிய துண்டாக நறுக்கி, தாராளமாக நல்லெண்ணெய் விட்டு, சின்னத் தீயில் வதக்கினேன். பத்து நிமிடத்தில் நிறம் மங்கியது. "இன்னும்" என்றார். பதினைந்து நிமிடத்தில் ஓரம் பழுப்பேறியது. "இன்னும்." வாணலி நிறைய இருந்தது ஒரு கைப்பிடியாகச் சுருங்கி, பச்சை வாடை போய், வேறு ஒரு மணம் எழுந்தபோது அவர் கேட்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது. வறுத்த உளுந்து, மிளகாய், பெருங்காயம், கொஞ்சம் தேங்காய். புளி மட்டும் நான் நினைத்ததைவிடக் கூடுதலாகப் போடச் சொன்னார்.

முதலில் நான் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு அரை மணி நேரம் காத்திருந்தேன். எதுவும் இல்லை. மனைவியும் சாப்பிட்டாள். மகளிடம் நான் நீட்டவில்லை. அவள் தட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு அவளுடைய அறைக்குப் போய்விட்டாள். அவள் நம்பிக்கை திரும்ப எத்தனை நாள் ஆனாலும் ஆகட்டும்.

கிள்ளிய கணுக்களைக் குப்பையில் போடாதே, மண்ணில் ஊன்றிவிடு என்று அத்தை சொல்லியிருந்தார். பால்கனித் தொட்டியில் ஏழு கணு வைத்தேன். நான்கு துளிர்விட்டிருக்கிறது. தாம்பரம் பக்கத்தில் யாருக்காவது வேண்டுமானால் கேளுங்கள், தருகிறேன். கூடவே அத்தை சொன்னதை ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன், அதையும் வாங்கிக்கொள்ளாமல் போகாதீர்கள்.