எட்டுக்கால் சில்லுக்கு எதுக்குய்யா இத்தனை வேஷம்?

சிமோய்னு ஒரு குட்டி ஆம்ப், ஹெட்போனுக்குப் போற சத்தத்தைக் கூட்டற பெட்டி. அதை வீட்டுல செய்யறது அப்படி என்ன மலையைப் புரட்டற வேலையா? ஒரு 9 வோல்ட் பேட்டரி, சிக்னலைப் பெருக்கற ஒரு ஆப்-ஆம்ப் சில்லு, கொஞ்சம் ரெசிஸ்டர், கெப்பாசிட்டர். அமெரிக்காவுல ஆல்டாய்ட்ஸ் மிட்டாய் டப்பாவுக்குள்ள வெச்சு மூடிடறாங்க, நமக்கு ஜாமெட்ரி பாக்ஸ். சர்க்யூட்ல ஒரு வம்பும் இல்ல. அதுல போடற சில்லை யோக்கியமா விக்கத்தான் ஆள் இல்ல.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடையில போய், சிமோய்ல போடற ஓபிஏ 2134 சில்லு இருக்கான்னு கேட்டா, டப்பாவைத் திறக்கறதுக்கு முன்னாடியே கடைக்காரர் "ஒரிஜினல் தம்பி, கம்பெனி பீஸ்"ங்கறார். விலை 40 ரூபாய். அசல் பல நூறு ரூபாய் விக்குதேண்ணே, உங்களுக்கு எப்படிக் கட்டுப்படியாகுது? "ஹோல்சேல் தம்பி." ஹோல்சேல்னா கம்பெனிக்காரன் கைக்காசைப் போட்டுக் கொடுப்பானா?

வீட்டுக்கு வந்து நெயில் பாலிஷ் ரிமூவர்ல பஞ்சை நனைச்சு சில்லு முதுகுல தேய்ச்சேன். பஞ்செல்லாம் கறுப்பு. 'ஓபிஏ'ங்கற எழுத்து போயிடுச்சு, அடியில உப்புத்தாள் போட்டுச் சுரண்டின கோடு பல்லைக் காட்டுது. அட, மையாவது நல்ல மையா அடிக்கக் கூடாதா!

எழுத்து போனா போகுதுன்னு விடவும் முடியாது. ஓபிஏ 2134 ஃபெட் இன்புட் (கரன்ட்டே இழுக்காத மாதிரியான டிரான்சிஸ்டர்) உள்ள சில்லு, அதோட இன்புட் இழுக்கற கரன்ட் சில பிகோஆம்ப்தான். அந்த வேஷத்துல 5532 மாதிரி, பைபோலார்ங்கற வேற வகை டிரான்சிஸ்டர் வெச்ச மலிவு சில்லு ஒண்ணு உட்கார்ந்திருந்தா சுமார் 200 நானோஆம்ப் இழுக்கும், பல்லாயிரம் மடங்கு அதிகம். இன்புட்ல நிக்கற 100 கிலோ ஓம் ரெசிஸ்டர்ல அது 20 மில்லிவோல்ட். சிமோயோட கெயின், அதாவது பெருக்கற மடங்கு, 11. பெருக்கிப் பாருங்க. ஹெட்போனைச் செருகறதுக்கு முன்னாடி அவுட்புட்ல மல்டிமீட்டரை வெச்சேன், ரெண்டு பக்கமும் 200 மில்லிவோல்ட்டுக்கு மேல டிசி, பாட்டே இல்லாம சும்மா நிக்கற வோல்ட்டேஜ்! அசல்ல சில மில்லிவோல்ட்தான் காட்டணும். அப்படியே 32 ஓம் ஹெட்போனை மாட்டினா, உள்ள அதிர்ந்து சத்தம் போடற டயஃப்ரம் ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு நிக்கும். பேட்டரியைப் பாதியாப் பிரிக்கற ரெண்டு 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரால ஹெட்போன் வழியா ஓடற அந்தக் கரன்ட்டைத் தாங்க முடியாது, நடு கிரவுண்டே ஒரு பக்கம் சாஞ்சுடும். ஆசையா காசு சேர்த்து வாங்கின ஹெட்போன் சார் அது!

சத்தத்தைக் கூட்டிக் குறைக்கற திருகு, அந்த வால்யூம் பாட் கதை தனி. காதுக்குச் சீராக் கேக்கற மாதிரி சத்தம் ஏத்தற ஏ டைப் கேட்டா, மின்தடையை மட்டும் சீரா மாத்தற பி டைப்பைக் கையில திணிச்சுட்டு "எல்லாம் ஒண்ணுதான்"னு சொல்றாங்க. ஒண்ணா? கால்வாசி திருப்பறதுக்குள்ள காது கிழியுது, மீதி முக்கால்வாசி சும்மா அலங்காரத்துக்குச் சுத்துது.

திரும்பப் போய்க் கேட்டா கடைக்காரருக்குக் கோவம் வருது. "இத்தனை வருஷமா விக்கறேன், யாரும் கம்ப்ளெயின்ட் சொன்னதில்லையே." எப்படிண்ணே சொல்லுவாங்க? ஆம்ப் சத்தம் சரியில்லன்னா சால்டரிங் சரியில்லன்னு அவனவன் தன்னையே திட்டிக்கிட்டு ராத்திரி முழுக்க ஜாயின்ட்டை உருக்கிக்கிட்டு இருப்பான். போர்டுல காப்பர் பேட் உரிஞ்சு வர்ற வரைக்கும் உருக்குவான். உங்க சில்லு மேல அவனுக்குச் சந்தேகமே வராது, ஏன்னா அதுலதான் ஓபிஏவோட பிராண்ட் பேரான பர்-பிரவுன்னு போட்டிருக்கே!

இத்தனைக்கும் 5532 ஒண்ணும் மட்டமான சில்லு இல்ல. எத்தனையோ ஸ்டூடியோ மிக்ஸர்ல வருஷக்கணக்கா உழைச்ச சில்லு. 5532ஐ 5532ன்னு எழுதி, 15 ரூபாய்னு சொல்லி வித்துத் தொலைங்கய்யா. நானே அஞ்சு வாங்கிக்கறேன்.