கைதட்டியவர்களுக்கு

நம் தர்மபுரிக் கூட்டத்தில் நடந்த அந்தப் பேச்சின் காணொளியை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். பார்த்துவிட்டேன். சிறப்பு விருந்தினரின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் அவருக்கு இன்னும் நாலு மேடை கிடைக்கும். மதராஸில் இயற்கையான ஆழ்துறைமுகம் இருந்ததாம். அதைப் பார்த்துத்தான் ஆங்கிலேயன் அங்கே இறங்கினானாம். கடல் இல்லாத காரணத்தால் உங்கள் மாவட்டம் மாதிரி இடங்களை வரலாறு திரும்பிப் பார்க்காமல் போய்விட்டதாம். சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தார். நம் ஆட்கள் கைதட்டினார்கள்.

அவர் சொன்னதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். வெளியூர்க்காரர், காரில் வந்தார், காரில் போனார். தர்மபுரியில் உட்கார்ந்துகொண்டு தர்மபுரிக்கு வரலாறு இல்லை என்பதற்குக் கைதட்டுகிற மனம் எப்படி வந்தது? அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

மதராஸில் துறைமுகம் கிடையாது. 1639இல் கிடையாது, 1739இல் கிடையாது, 1839இலும் கிடையாது. இருந்தது நேர்கோடாக ஒரு மணற்கரையும் அதன்மேல் ஓயாமல் வந்து விழும் அலையும்தான். கப்பல் கரையிலிருந்து தள்ளி, திறந்த கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆளும் மூட்டையும் மசூலா படகில் ஏறி அலையைத் தாண்டிக் கரைக்கு வர வேண்டும். ஆணியே இல்லாமல் தென்னங்கயிற்றால் பலகையைத் தைத்துக் கட்டிய படகு அது. அலை தூக்கித் தரையில் போட்டாலும் வளைந்து கொடுக்கும். கவர்னரானாலும் நனைந்துதான் இறங்கினார். வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கும் காலத்தில் அங்கே கப்பல் நிற்பது தற்கொலை. 1746 செப்டம்பரில் மதராஸைப் பிடித்த பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே அக்டோபரிலும் அங்கேயே நின்றார். புயல் வந்து அவருடைய கப்பல்களை நொறுக்கிவிட்டுப் போனது. கடலுக்குள் நீளும் இரும்புப் பாலம் 1861இல்தான் வந்தது. துறைமுக வேலை 1875இல்தான் தொடங்கியது. கட்டிய சுவர்களை 1881 நவம்பர்ப் புயல் உடைத்துப் போட்டது, மறுபடி கட்டினார்கள். இதுதான் விருந்தினர் கண்ட ‘இயற்கையான ஆழ்துறைமுகம்’.

அப்படியானால் ஏன் மதராஸ்? துணி. வேறு ஒன்றுமில்லை, துணி.

ஆங்கிலேயக் கம்பெனிக்கு வேண்டியது மிளகும் வாசனைப் பொருளும். அவை கிடைத்த இடம் ஜாவாத் தீவின் பாந்தம் பக்கம். அங்கே இங்கிலாந்தின் கம்பளியை யார் வாங்குவார்கள், அந்த வெயிலில்? அங்குள்ளவர்கள் கேட்டது சோழமண்டலக் கரையின் பருத்தித் துணியை, சாயமிட்டுச் சித்திரம் எழுதிய துணியை. துணி இல்லையென்றால் வெள்ளியைக் கொட்ட வேண்டும். ஆக, துணி கிடைக்கும் இடத்தில் ஒரு கால் ஊன்றியாக வேண்டும். மசூலிப்பட்டினத்தில் 1611 முதல் இருந்தார்கள். பிறகு பழவேற்காடு ஏரிக்கு வடக்கே ஆர்மகானில், 1626இல் ஒரு கிடங்கு வைத்தார்கள். அங்கே கடலுக்குள் இருக்கும் மணல்திட்டு அலையைத் தடுக்கும்; கப்பல் நிற்க மதராஸைவிட நல்ல இடம். அந்த நல்ல இடத்தை விட்டுவிட்டுத்தான் இந்த மோசமான கரைக்கு வந்தார்கள். இன்னொரு முறை படியுங்கள்: நல்ல இடத்தை விட்டுவிட்டு வந்தார்கள். ஆர்மகானில் அவர்களுக்கு வேண்டிய தரத்தில் துணி கிடைக்கவில்லை, உள்ளூர் அதிகாரிகளோடும் ஓயாத தகராறு. ஆர்மகானின் பொறுப்பாளர் பிரான்சிஸ் டே தெற்கே வந்து பார்த்தார். இங்கே துணி மற்ற இடங்களைவிட 20 சதவீதம் மலிவு என்று கணக்குச் சொன்னார். 1639 ஆகஸ்டில் தாமர்ல வெங்கடாத்ரி நாயக்கரிடம் அனுமதி வாங்கினார். 1640இல் கோட்டை வேலை ஆரம்பமானது.

நாயக்கர் என்ன எதிர்பார்த்தார் என்பதும் பதிவில் இருக்கிறது. தன் நாடு வியாபாரத்தால் செழிக்க வேண்டும். பாரசீகத்துக் குதிரை வேண்டும். அக்கம்பக்கத்துப் பகைவர்கள் வந்தால் ஒதுங்க ஒரு கோட்டை வேண்டும். வருடம் ஒருமுறை கம்பெனிக் கப்பலில் ஆள் அனுப்பி வங்கத்திலிருந்து வல்லூறு, குரங்கு, கிளி வாங்க வேண்டும். குரங்கும் கிளியும் கேட்டவரைப் பார்த்துச் சிரிக்கலாம், நானும் சிரித்தேன். ஆனால் அந்தப் பட்டியலிலும் கடலின் ஆழம் இல்லை.

நான் இதை வரலாற்று ஆசிரியனாகச் சொல்லவில்லை. கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாங்கூழ் தொழிற்சாலையில் ஏற்றுமதிப் பிரிவில் வேலை செய்கிறேன், தெரிந்தவர்களுக்குத் தெரியும். டிரம்களில் அடைத்த கூழ் கன்டெய்னரில் ஏறி வளைகுடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போகிறது. எந்தத் துறைமுகம் என்று முடிவு செய்வது எங்கள் மேஜையில்தான். இங்கிருந்து சென்னை ஏறக்குறைய 250 கிலோமீட்டர். அந்த மேஜையில் நடக்கும் பேச்சு என்ன தெரியுமா? இந்த வாரம் கப்பல் இருக்கிறதா, கப்பல் வாடகை எவ்வளவு, காலிப் பெட்டி எங்கே கிடைக்கும், லாரிக்காரர் என்ன கேட்கிறார். எங்கள் முதலாளி இத்தனை வருடத்தில் ஒருநாள்கூட, “தம்பி, அந்தத் துறைமுகத்தில் தண்ணீர் எத்தனை அடி?” என்று கேட்டதில்லை. அவருக்குக் கடல் பிடிக்காது என்பதல்ல. வியாபாரி சரக்கைப் பார்த்துத்தான் இடம் தேடுவான். கப்பலை எப்படி நிறுத்துவது, ஆளை எப்படி நனையாமல் இறக்குவது என்பதெல்லாம் பின்னால் வரும் தலைவலி. 1639இலும் கணக்கு இதுதான். கடலைப் பார்த்து மயங்கி மதராஸைத் தேர்ந்தெடுத்தான் என்பது, பெண் பார்க்கப் போனவன் வாசல் கோலத்தைப் பார்த்தே சம்மதம் சொன்னான் என்பதைப் போன்றது.

ஆழமும் அடைக்கலமும்தான் எல்லாம் என்றால் திருகோணமலை இருக்கிறதே. உலகத்தின் தலைசிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று. ஆங்கிலேயர் அதை நிலையாகப் பிடித்தது 1795இல். மதராஸ் அதற்குள் ஒன்றரை நூற்றாண்டாகச் சம்பாதித்துக்கொண்டிருந்தது. திருகோணமலைக்குப் பின்னால் காடு இருந்தது. மதராஸுக்குப் பின்னால் தறி இருந்தது.

இப்போது வரிசையாக வருவார்கள். “சாந்தோமில் டேவுக்கு ஒரு காதலி இருந்தாள், அதனால்தான் பக்கத்து ஊரைத் தேர்ந்தெடுத்தான்” என்று ஒருவர் நேற்றே எழுதிவிட்டார். அந்தக் காலத்துக் கம்பெனிக்காரர்களே கிளப்பிவிட்ட வம்பு அது. வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி காதலுக்குப் பணம் கொடுக்காது.

“ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் கூவம், காவலுக்கு வசதி, அதைச் சொல்லவில்லையே” என்பார் இன்னொருவர். சரி, வசதிதான். பழவேற்காட்டில் டச்சுக்காரரும் சாந்தோமில் போர்த்துக்கீசியரும் இருக்கும்போது காவல் பார்க்காமல் கோட்டை கட்ட அவர்கள் முட்டாள்கள் அல்லர். ஆனால் பூட்டு வாங்கியது துணிக்காகவா, பூட்டு மலிவாகக் கிடைத்ததால் துணி வாங்கினார்களா என்று அவரே யோசிக்கட்டும்.

இன்னும் கெட்டிக்காரர் ஒருவர் வருவார்: “காஞ்சிபுரம், செங்கல்பட்டுத் தறிகளைத்தானே நம்பி வந்தான்? அதில் தர்மபுரிக்கு என்ன பெருமை?” ஐயா, 1639இல் தர்மபுரித் துணி போய் மதராஸைக் கட்டியது என்று நான் எங்கே எழுதினேன்? நான் சொல்வது ஒன்றுதான். கரையில் வந்து நின்றவனை இழுத்தது உள்நாடு. உள்நாடு இல்லாமல் கரைக்கு மதிப்பில்லை. அதற்கு அவர்களே சாட்சி: மதராஸ் வந்த பிறகு நெசவாளர்களை ஊர் ஊராகக் கூப்பிட்டு, மரத்தடியில் தறி போட இடம் கொடுத்து 1734இல் சிந்தாதிரிப்பேட்டையை உண்டாக்கினார்கள். வண்ணாரப்பேட்டை துணி வெளுத்தவர்களின் பேட்டை. பட்டணத்தின் பேட்டைகளைத் துணியால் வரைந்துவிட்டு, இப்போது கடல் கடல் என்கிறார்கள்.

தர்மபுரியைக் கேட்டீர்கள் அல்லவா, வருகிறேன். 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகாலைக் கம்பெனி வாங்கியது. இன்றைய கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம்தான் பாராமகால். நிர்வாகத்துக்கு வந்தவர் கேப்டன் அலெக்சாண்டர் ரீட். அவருக்கு உதவியாளர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. தர்மபுரியில் தங்கினார், தோட்டம் போட்டார், நிலத்தை அளந்தார், இன்னின்ன குடியானவன் இவ்வளவு கட்ட வேண்டும் என்று எழுதினார். பின்னாளில் ரயத்துவாரி (குடியானவனிடமே நேராக வரி வாங்குவது) என்று மாகாணம் முழுக்கப் பரவிய முறையின் பாடசாலை நம் செம்மண். அந்த மன்றோ 1820இல் மதராஸ் கவர்னர் ஆனார். துணிக்காகக் கட்டிய அந்தக் கோட்டையில் உட்கார்ந்து நாட்டை ஆண்டவர் தொழில் கற்றது இங்கே. அவருடைய குதிரைச் சிலையைச் சென்னையில் அண்ணா சாலைப் பக்கம் போகிற எல்லோரும் பார்க்கிறார்கள். தர்மபுரி நினைவுத் தூணை யார் பார்க்கிறார்கள்? வரி போட்டவனைக் கொண்டாடச் சொல்லவில்லை. வரலாறு கடந்து போகவில்லை, நன்றாக உட்கார்ந்து, அளந்து, வாங்கிக்கொண்டுதான் போனது என்கிறேன். தகடூரையும் அதியமானையும் இதில் இழுக்கவே இல்லை, கவனியுங்கள். இழுத்தால் இரவு முடிந்துவிடும்.

“ஒரு சின்னத் தகவல் பிழைக்கு இவ்வளவு கோபமா?” என்று கேட்கப் போகிறீர்கள். கோபம் பிழைக்கு அல்ல. சென்னையில் படிக்கும்போது முதல் வகுப்பில் ஊர் கேட்டார்கள். தர்மபுரி என்றேன். பேராசிரியர், “அங்கே பெண் குழந்தை பிறந்தால் உயிரோடு விடுகிறார்களா?” என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. எனக்கு அக்காவும் இருக்கிறாள், தங்கையும் இருக்கிறாள். பதில் சொல்ல வாய் வரவில்லை. இப்போதும் அரசு ஊழியருக்கு இங்கே மாறுதல் வந்தால் “என்ன தப்பு செய்தீர்கள்?” என்று துக்கம் விசாரிக்கிறார்கள். நாங்கள் என்ன சிறைச்சாலையா நடத்துகிறோம்? கிரானைட் வேண்டும், மாம்பழம் வேண்டும், ஒகேனக்கலில் குளிக்க வேண்டும், மீன் வறுவல் வேண்டும். ஆனால் ஊர் பின்தங்கியது, வரலாறு இல்லாதது, ஏனென்றால் கடல் இல்லை! அதே மாதிரி கடல் இல்லாத பெங்களூருக்குப் போய் இதைச் சொல்வாரா? சொல்லமாட்டார். அங்கே யாரும் கைதட்டமாட்டார்கள்.

பின்தங்கியதற்குக் காரணம் வேண்டுமானால் ரயிலைக் கேளுங்கள். 1906இல் மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்குக் குறுகிய பாதையில் ரயில் ஓடியது, பிறகு ஓசூர்வரை நீண்டது. கிருஷ்ணகிரிக்குத் திருப்பத்தூரிலிருந்து ஒரு பாதை இருந்தது. இரண்டையும் மூடினார்கள். மொரப்பூர்ப் பாதையை மூடியது 1941இல், உலகப் போர் நடக்கும்போது. கிருஷ்ணகிரி நகரத்துக்கு இன்றும் ரயில் இல்லை. மாவட்டத் தலைநகரம் அது. எங்கள் கூழ் முழுக்க லாரியில் போகிறது. சரக்கு எங்களிடம் இருக்கிறது, கரைக்குப் போகிற வழியைத்தான் பிடுங்கினார்கள். இதைச் சொல்ல ஒரு சிறப்பு விருந்தினரைக் கூப்பிட்டீர்களா, ஒருநாளாவது?

“ஆக, உனக்கு மேடை கிடைக்கவில்லை என்ற வயிற்றெரிச்சல்” என்று கூட்ட ஏற்பாட்டாளர்களில் ஒருவர் உள்பெட்டியில் எழுதியிருக்கிறார். ஆமாம், அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். கொடுங்கள் மேடை, வருகிறேன். சால்வை வேண்டாம், பொன்னாடை வேண்டாம், ஒலிபெருக்கி மட்டும் சரியாக இருக்கட்டும். ஆனால் ஜூலை முடியட்டும். இப்போது பெங்களூரா மாங்காய் லாரி லாரியாக வந்து இறங்குகிறது, எனக்கு இரவு ஷிப்ட்.